முன்பக்கத்துப் புல்

இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. யோகம் குசினி யன்னலைக் கையால் துடைத்துவிட்டு வெளியே பார்த்தாள். தெருவில் நின்ற கார்கள் எல்லாம் மூடுண்டு கிடந்தன. நடைபாதைகளை நினைத்தாள். புருஷன் செத்து ஒரு கிழமைகூட ஆகாத ஒருத்திக்குப் பனியைப் பற்றிக் கவலை என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஏழு மணிக்கு முன்னம் நடைபாதைகளைத் துப்புரவாக்காவிட்டால், யாராவது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்களுடைய நிறுவனம்.

நிறுவனம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வான் வண்டி, இரண்டு புல்வெட்டும் இயந்திரம், ஏணிகள், கத்திரிகள். ஜெர்மனியில் கொலோன் நகரத்துக்குக் கிழக்கே மேட்டிலிருக்கும் இந்தச் சின்ன ஊரில் அடுக்குமாடி வீடுகளுக்கு ஹவுஸ்மைஸ்டர் வேலை, அதாவது பராமரிப்பு. கோடையில் புல்லும் வேலியும், இலையுதிர் காலத்தில் சருகு, மாரியில் பனி, இடைக்கிடை மாடிப்படி மின்குமிழ். வானின் இரண்டு பக்கமும் ‘ஆனந்தராசா’ என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. அந்த ஆனந்தராசாதான் இப்போது பிரேத அறையில் தகனத்துக்கு நாள் குறித்து டேர்மின் கிடைக்கும் வரை காத்துக் கிடந்தார்.

யோகம் வெள்ளைச் சேலைக்கு மேலே செம்மஞ்சள் வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு கதவடிக்கு வந்தாள். அங்கே இராசமலர் நின்றாள். ஆனந்தராசாவின் மூத்த அக்கா, டுசல்டோர்ஃபில் இருந்து துக்கத்துக்கு வந்து, வந்த நாளிலிருந்தே வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டவள்.

“எங்க வெளிக்கிட்டனீ?”

“பனி கொட்டியிருக்கு மச்சாள். தள்ளிப்போட்டு ஓடி வாறன்.”

“சாவுத் துடக்கு வீட்டில இருந்து நீ ரோட்டுக்குப் போப்போறியோ? பிணம் இன்னும் எடுக்கேல்லை, அதுக்குள்ள உனக்குத் தொழில் கேக்குதோ?”

சத்தம் கேட்டு ஹோலில் படுத்திருந்த கனகலிங்கம் எழும்பி வந்தான். ஆனந்தராசாவின் தம்பி. டுசல்டோர்ஃபில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். இந்த நாட்டுக்கு அவன் மீசை அரும்பாத வயதில் வந்தபோது சோறு போட்டது யோகம். அவன் சமையல் படித்து முடிக்கும் வரை, துவாரகனை வயிற்றில் வைத்துக்கொண்டு ஊரார் மாடிப்படியெல்லாம் கழுவினதும் யோகம்தான். அதையெல்லாம் அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நினைத்துப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான்.

அவன் ஆணியில் தொங்கிய வான் திறப்புச் சாவியை எடுத்துத் தன் பொக்கற்றில் போட்டான்.

“அண்ணி, நீங்கள் இருங்கோ. அண்ணை தனிச்சு நிண்டு கட்டின தொழில். அதை நான் பாக்கிறன். எங்கட வீட்டுப் பொம்பிளையளை ரோட்டில விட்டிட்டு நாங்கள் படுத்திருக்கேலாது.”

யோகத்துக்குச் சிரிப்பு வந்தது. சாவீட்டில் சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டாள்.

நடையில் பல் விளக்கிக்கொண்டு நின்றான் துவாரகன், ஒரே மகன், எர்லாங்கனில் எஞ்சினியர். அவன் தாயைப் பார்த்தான். தாயும் பார்த்தாள். அவன் வாய் நிறைய நுரையோடு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவனுக்குத் தெரியும். அதுதான் அவளைத் தின்றது. வேறு தமிழாக்கள் ஒருத்தருக்கும் தெரியாதது அவனுக்குத் தெரியும்.

துவாரகன் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஆனந்தராசா வேலி வெட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தவர். முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது, இனிப் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து அவர் வான் ஓட்டினார், போன் கதைத்தார். மிச்சம் முழுக்க யோகம். புல் வெட்டினது, வேலியைச் சீராக்கினது, சருகு அள்ளினது, விடியப்புறம் பனி தள்ளினது, அவருக்கு ஏலாத நாளில் வான் ஓட்டினது எல்லாம் அவள். அவர் வானுக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, அங்காலை இஞ்சாலை என்று கை காட்டுவார். ஜெர்மன்காரர் எல்லாருக்கும் அது தெரியும். அவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள், அதில் அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

தமிழாக்களுக்கு மட்டும் தெரியக் கூடாது. ஊர்ச் சங்கத்தில் பொருளாளராக இருந்த மனிசன். பெண்சாதியின் உழைப்பில் குந்தியிருந்து சாப்பிடுகிறான் என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் அவர் தூக்கில் தொங்கிவிடுவார். சங்கத்து விழாவில் யாரும் கேட்டால், “அவ வீட்டைப் பாக்கிறா” என்பார். யோகம் காய்த்துப்போன உள்ளங்கையைச் சேலைத்தலைப்பில் மறைத்துக்கொண்டு வடை பரிமாறுவாள்.

ஒரே ஒரு வீடுதான் சிக்கல். ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்த மஞ்சள் கட்டடத்தில் மூன்று தமிழ்க் குடும்பங்கள். அங்கே மட்டும் ஆனந்தராசா வானை விட்டு இறங்குவார். ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இயந்திரத்தைத் தள்ளி முன்பக்கத்துப் புல்லை வெட்டுவார். பல்கனியில் நின்று பார்க்கிற சனம் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும். அதற்குள் யோகம் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு பின் சந்து ஒழுங்கையால் வந்து, முன்பக்கத்தைப் போல மூன்று மடங்கு இருக்கிற பின்பக்கத்தை வெட்டி முடித்து, வந்த வழியே போய்விடுவாள். அன்றிரவு அவருக்கு முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பதும் அவள்தான். ஒருநாள் தேய்க்கும்போது, முன்பக்கத்தையும் நானே வெட்டிவிடுகிறேனே என்று கேட்டுப் பார்த்தாள். அவர் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கையைப் பிடித்தபோது, இனியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று நினைத்தாள். அவர் சொன்னது இதுதான்:

“யோகம்... நான் இருந்து திண்டனான் எண்டு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது.”

சரி என்றாள். வேறு என்ன சொல்லுவது?

---

அன்று காலை கனகலிங்கம் வானோடு போனான். மத்தியானம் திரும்பி வந்தபோது அவனுடைய சப்பாத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. யோகம் குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. டுசல்டோர்ஃப் வரை ஓடி, தன் கடையில் சோற்றுக்கும் கறிக்கும் வைத்திருக்கிற சமையல் உப்பை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நடைபாதைக்குக் கொட்டியிருக்கிறான்.

இந்த ஊரில் நடைபாதைக்கு உப்புப் போட விடமாட்டார்கள், சரளைக்கல்தான் தூவ வேண்டும், உப்புக் கலந்த பனியைப் புல்லில் தள்ளினால் வேரோடு கருகிவிடும் என்று அவனுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னாள். அவன் தேத்தண்ணீரை ஊதிக்கொண்டே சிரித்தான்.

“நீங்கள் கறிக்கு உப்புப் போடுங்கோ அண்ணி. பனிக்கு நான் போடுறன்.”

ஹோலில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். துக்க வீட்டில் சனத்துக்குச் சிரிக்க ஒரு சாட்டு வேண்டும். துவாரகனும் லேசாகச் சிரித்தான்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டை மட்டும் அவளால் விட முடியவில்லை. அவளுடைய வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், சரிவான பாதையோடு ஒரு பழைய வீடு. அங்கே தனியாக இருக்கிற ஹார்ட்விக் என்ற மனுஷிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்தம் செய்ய அவளை ஏற்றிப்போகிற வாகனம் விடியப்புறமே வந்துவிடும். அந்தச் சரிவில் அவள் வழுக்கி விழுந்தால் எழும்பமாட்டாள். அந்த வீடும் தன் பொறுப்பில் இருப்பதே கனகலிங்கத்துக்குத் தெரியாது. அவன் கேட்கவுமில்லை.

ஆகவே பனி கொட்டின நாளெல்லாம், வீடு குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது யோகம் எழும்பிப் போனாள். வெள்ளைச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, மேலே செம்மஞ்சள் சட்டையை மாட்டி, நிலவறையில் இருந்த பனி தள்ளுகிற சவளையும் ஒரு வாளி சரளைக்கல்லையும் எடுத்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பாதையில் தனியாக நின்று பனி தள்ளும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் ஒப்பாரி வைக்கச் சொல்லி இராசமலர் எவ்வளவோ சொல்லியும் வராத அழுகை.

ஒருநாள் திரும்பி வரும்போது இராசமலர் நடையில் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றாள். ஈரமான சேலைக்கரையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாய்ப் போயிருக்கும். அடுத்த நாளிலிருந்து போனுக்குள் குசுகுசுத்தாள். புருஷன் படத்துக்கு முன்னால் வைத்த விளக்கு அணையவில்லை, அதற்குள் விடியாமல் எழும்பி எங்கேயோ போய் வருகிறாள் என்று டுசல்டோர்ஃப் வரைக்கும் கதை போனது. அந்தக் கதைக்கு ஒரு ஆம்பிளையும் தேவைப்பட்டான். சனம் அவனையும் தேடிக் கண்டுபிடித்தது. கீழ் மாடியில் தனியாக இருக்கிற ஓய்வுபெற்ற தபால்காரன்.

---

தகனமும் முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று ஐயர் கிரியை முடித்துப் போன பிறகு எல்லாரும் சாப்பிட இருந்தார்கள். துவாரகனின் பெண்சாதி லக்சிகாவும் வந்திருந்தாள், அவளுடைய தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். கலியாணம் பேசும்போது, அம்மா வீட்டோடு இருக்கிறவ என்று சொல்லித்தான் அந்தச் சம்பந்தம் முடிந்தது.

ஆனந்தராசா தனிச்சு நின்று உழைத்த சிங்கம் என்று ஒருவர் சொன்னார். மஞ்சள் கட்டடத்திலிருந்து வந்த மனோகரி அக்கா, முதுகைப் பிடிச்சுக்கொண்டு அந்த மனிசன் புல்லு வெட்டினதை என்ர கண்ணால கண்டனான் என்று அழுதாள். யோகம் எல்லாருக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இராசமலரின் இலைக்கு வந்தபோது அவள் கையால் இலையை மறைத்தாள்.

“எனக்கு உன்ர கையால வேண்டாம். முதல்ல இதுக்கு மறுமொழி சொல்லு. என்ர தம்பி செத்த துடக்குக்குள்ள, விடிய முதல் எங்க போய் வந்தனீ?”

கறி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள்.

யோகம் துவாரகனைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். ‘அம்மா பனி தள்ளப் போனவ’ என்று அவன் சொன்னால் போதும். அவள்தான் வாக்குக் கொடுத்தவள், அவன் கொடுக்கவில்லை. சின்ன வயதில் லீவு நாட்களில் வானுக்குள் இருந்து, தாய் புல் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதினவன் அவன்.

துவாரகன் மாமனாரைப் பார்த்தான். பிறகு இலையைப் பார்த்தான். சோற்றைப் பிசைந்தான், பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான்.

“ஒண்டும் இல்லை மச்சாள்,” என்றாள் யோகம். “நித்திரை வரேல்லை. நடந்து போட்டு வந்தனான்.”

“நடந்து போட்டோ...” என்று இராசமலர் இழுத்தாள். அந்த இழுவையிலேயே தீர்ப்பு முடிந்தது. சம்பந்தியம்மா மோர் வேண்டாம் என்று எழும்பிவிட்டாள்.

அன்று பின்னேரமே தொழில் கைமாறியது. நான் எர்லாங்கனில் இருந்துகொண்டு இதைப் பார்க்க ஏலாது, அம்மாவும் இனி என்னோடு வந்துவிடட்டும், சித்தப்பாவே எடுத்து நடத்தட்டும் என்றான் துவாரகன். யோகம் எதிர்க்கவில்லை. நிறுவனத்தை எனக்குத் தாருங்கோ என்று கேட்கிற வாய், ஏன் என்று கேட்டால் மூட வேண்டிய வாய். எர்லாங்கனுக்கும் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள். செம்மஞ்சள் சட்டையை மட்டும் தோய்த்து மடித்து, பனி கொட்டினால் எடுக்க அலுமாரியில் வைத்தாள். தோய்க்கும்போது, உங்கட மானத்தைக் காப்பாத்திப் போட்டன், என்ர மானம் போச்சுது என்று படத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னாள்.

---

பனி கரைந்து புல் தெரியத் தொடங்கினதும் வினை வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் முழுக்க அவர்கள் பார்த்த வீடுகளில் நடைபாதை ஓரமெல்லாம் புல் நெருப்பு வைத்தது போலக் கருகிக் கிடந்தது. வேலிகள் அடிப்பக்கம் பழுப்பேறிவிட்டன. ஒரு நாய்க்கு உள்ளங்கால் வெடித்துப் புண்ணாகி, அதன் சொந்தக்காரி முறைப்பாடு கொடுத்தாள்.

வீடுகளை நிர்வகிக்கிற கம்பனியில் பீலிக்ஸ் என்ற இளம் பொடியன்தான் பொறுப்பு. குடும்பத்தில் எல்லாரையும் ஒருநாள் வரச் சொன்னான். துவாரகன் ரயிலில் வந்து இறங்கினான். கனகலிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். தம்பிக்கு ஏதாவது வில்லங்கம் வருமோ என்று இராசமலரும் கூடவே வந்தாள். துவாரகன் வற்புறுத்தினதால் யோகம் பின்னால் வந்தாள்.

பீலிக்ஸ் வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். அவன் கத்தவில்லை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது என்று மட்டும் ஜெர்மனில் சொன்னான். கனகலிங்கத்துக்கு முகம் தொங்கிவிட்டது. கடைசியாக அந்தச் சரிவான பாதை வீட்டுக்கு வந்தார்கள்.

அங்கே பாதையின் இரண்டு பக்கமும் புல் பச்சைப்பசேல் என்று நின்றது. வேலியில் புதுத்துளிர். சரளைக்கல் ஓரமாகக் கூட்டிக் குவித்திருந்தது.

இந்த ஒரு வீடு மட்டும் எப்படித் தப்பியது என்று பீலிக்ஸ் கேட்டான். கனகலிங்கத்துக்கு உயிர் வந்தது. எல்லாம் கெட்டதென்று சொல்லாதே, இதுவும் நான் செய்ததுதான் என்று அடித்துச் சொன்னான்.

பீலிக்ஸ் அவனை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு யோகத்தின் பக்கம் திரும்பி, இங்கே குடியிருக்கிற ஹார்ட்விக் அம்மா கம்பனிக் கந்தோருக்குப் போன் பண்ணினவ என்றான். வெள்ளை உடுப்புக்கு மேலே செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பனிநாளும் விடியப்புறம் வந்து பாதை துப்புரவாக்கினது நீங்கள்தானே, அவ நன்றி சொல்லச் சொன்னா என்றான். அதோடு நிறுத்தாமல், இவ்வளவு காலமும் எல்லா வீட்டையும் நீங்கள்தானே பார்த்தீர்கள், உங்கள் கணவர் பாவம் வானுக்குள்தானே இருந்தவர், பிறகு ஏன் இந்த ஆளிடம் கொடுத்தீர்கள் என்றும் கேட்டான்.

இராசமலருக்கு ஜெர்மன் அவ்வளவாக ஓடாது. “என்னவாம்? என்ன சொல்லுறான்?” என்று துவாரகனின் கையைப் பிடித்து உலுப்பினாள்.

துவாரகன் தாயைப் பார்த்தான். பிறகு இராசமலரிடம் சொன்னான்.

“மாமி... அம்மா விடிய எழும்பி இங்கதான் வந்தவ. பனி தள்ள. அப்பாவுக்கு முதுகு போன நாளில இருந்து எல்லாம் அம்மாதான். எனக்குச் சின்னனில இருந்து தெரியும்.”

இராசமலர் பச்சைப் புல்லைப் பார்த்தாள். பிறகு பாதையோரக் கல்லில் அப்படியே இருந்துவிட்டாள். நான் என்ன கதையெல்லாம் கதைச்சுப் போட்டன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கனகலிங்கம் வான் திறப்பை எடுத்து யோகத்தின் முன்னால் நீட்டினான்.

“முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“சொன்னனான் தம்பி. உப்புப் போடாதையுங்கோ எண்டு சொன்னனான். நீங்கள் எல்லாரும் சிரிச்சனீங்கள்.”

துவாரகன் தாயின் தோளில் முகத்தை வைத்து விம்மினான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, மாமா ஆக்களுக்கு முன்னால எனக்கு வாய் வரேல்லை என்றான். யோகத்தின் கை பழக்கதோஷத்தில் அவன் முதுகைத் தடவியது. வாய் மட்டும் வேறு சொன்னது.

“மாமி தெரியாமல் கதைச்சவ. சித்தப்பா தெரியாமல் செய்தவர். நீ தெரிஞ்சுகொண்டு சோத்தைப் பிசைஞ்சனி, மோனை. அது ஆற நாள் எடுக்கும். ஆறேக்க சொல்லுறன்.”

அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவள் விலக்கவில்லை. ஆனால் அவளும் அணைத்துக்கொள்ளவில்லை.

பீலிக்ஸ் ஒப்பந்தத்தை அவள் பெயரில் தொடரச் சம்மதித்தான். கருகின புல்லைச் சுரண்டி எடுத்து, மண்ணைத் தண்ணீர் விட்டுக் கழுவி, புதுவிதை போட்டுத் தர வேண்டும் என்றான். செய்கிறேன் என்றாள். வானில் பெயரை மாற்றி எழுதுவோமா என்று துவாரகன் போனில் கேட்டபோது, இருக்கிறது இருக்கட்டும் என்றுவிட்டாள். அந்தப் பெயரை இவ்வளவு காலம் சுமந்தவள், வானும் கொஞ்சம் சுமந்தால் என்ன?

---

சித்திரையில் முதல் புல்வெட்டு. மஞ்சள் கட்டடத்துத் தெருவுக்கு வந்ததும் யோகத்தின் கை தன்பாட்டில் ஸ்டியரிங்கைப் பின் ஒழுங்கைப் பக்கம் திருப்பியது. ஒழுங்கை வாயில் பிறேக்கை அழுத்தினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தன் கையைப் பிடித்த அந்தக் கை ஞாபகம் வந்தது. குளிர்ந்த கை. பாவம்தான். ஆனால் அந்தக் கை கேட்டது அதிகம்.

வானைப் பின்னுக்கு எடுத்துக் கட்டடத்தின் முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். தொப்பியைக் கழற்றி இருக்கையில் போட்டாள். இயந்திரத்தை இறக்கி முன்பக்கத்துப் புல்லின் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

பல்கனியில் சேலை காயப்போட்டுக்கொண்டிருந்த மனோகரி அக்கா எட்டிப் பார்த்தாள். அந்தியேட்டியில் அழுத அதே மனோகரி அக்கா.

“என்ன யோகம் இது? நீரே புல்லு வெட்ட வந்திட்டீரோ? ஐயோ பாவமே... அண்ணை இருக்கேக்க உம்மை நிலத்தில கால் படாமலெல்லோ வைச்சிருந்தவர்.”

மற்ற இரண்டு பல்கனிக் கதவுகளும் திறந்தன. யோகம் நிமிர்ந்து நின்று மூன்று பல்கனியையும் ஒருமுறை பார்த்தாள்.

“அப்பவும் நான்தான் அக்கா வெட்டினனான்,” என்றாள். “இந்த முன்பக்கம் மட்டும்தான் அவர்.”

குனிந்து இயந்திரத்தின் கயிற்றை இழுத்தாள். மேலே மனோகரி அக்கா என்னவோ கேட்டாள். சத்தத்தில் அது கேட்கவில்லை.